காருக்குள் கேட்ட குரல்

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. என்னோடு படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் இன்றைக்கு என்னுடைய கராஜுக்குத்தான் காரைக் கொண்டுவருகிறார்கள். ஸ்காபரோவில் ஒன்று, ஒஷாவா போகிற வழியில் ஒன்று, மொத்தம் இரண்டு கராஜ். பதினொரு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள், எல்லாரும் ஆம்பிளைகள். அவர்கள் காரில் கம்பியூட்டரைச் செருகி அது என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணியோடு இருந்தபடியே சொல்லிவிடுவேன்: "தம்பி, உது பெல்ற் இல்லை. பெல்ற்றை இழுத்துப் பிடிக்கிற உருளை தேஞ்சு போச்சு. அதை மாத்து." மாற்றினால் சத்தம் நின்றுவிடும். கடவுள் எனக்குப் படிப்பைத் தரவில்லை, காதைத் தந்தார்.

அந்தக் காது ஒரே ஒரு தடவை என்னை வசமாக மாட்டிவிட்டது. கேட்டதில் பிழை இல்லை. கேட்டதைப் போய்ச் சொன்னதில்தான் பிழை. என் வயதுக்காரர்களே, அக்காவின் பழைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, மூக்கு வடிய வடிய ரொறன்ரோ பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அந்த வீடுகளில் என்ன பயம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. மல்வேர்னில் ஒரு ரவுண்ஹவுஸ், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. மேலே அப்பா, அம்மா, நான். கீழே பேஸ்மென்ற்றில் மன்னார் அங்கிள். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர், அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் அப்பாதான். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். மெலிந்த ஆள், வாசலில் சப்பாத்தைக் கழற்றினால் இரண்டையும் சோடி சேர்த்துச் சுவரோடு ஒட்டி வைப்பார். மனைவியும் ஒரு மகனும் மன்னார்ப் பக்கத்தில் சண்டைக்கு நடுவில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட வேண்டும் என்றால் அவருக்கு வேலைக் கடிதம் வேண்டும். வேலையோ ஒஷாவாவுக்கு அப்பால், கார்க் கதவுகளுக்குக் கைபிடி வார்க்கிற ஒரு தொழிற்சாலையில். காலை ஆறரைக்கு ஷிவ்ற் தொடங்கும். அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. அப்பாவின் காரில் முன் இருக்கை இருந்தால்தான் அவருக்கு வேலை. வேலை இருந்தால்தான் மனைவியும் பிள்ளையும்.

தொழிற்சாலையில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று தரம் பிந்தினால் வேலைநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இனிக் காரைப் பற்றிச் சொல்கிறேன். தவிட்டு நிறம், கட்டில் மாதிரி நீளம், என்னைவிடக் கொஞ்சம் குறைந்த வயது. உள்ளே ஈரக் கம்பளமும் எலுமிச்சம்பழமும் சேர்ந்த ஒரு மணம். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பொனற்றில் சந்தனம் வைத்துக் கற்பூரம் கொளுத்துவா. பனிக்குள் கற்பூரம் அணைந்துவிடும், அம்மா திரும்பவும் கொளுத்துவா, வெள்ளைக்காரர்கள் யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பார்கள். எங்கள் வரிசையில் கார் வைத்திருந்த முதல் தமிழ் ஆள் அப்பா. அதனால் அவர் நடக்கும்போதுகூடக் காரின் திறப்புக் கோர்வையை ஆட்டிக்கொண்டுதான் நடப்பார். எனக்கு எங்கிருந்து இந்தப் புழுகு வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் தொடங்கியதும் கார் கத்தத் தொடங்கியது. காலையில் ஸ்ராட் பண்ணினால் போதும், பன்றியை ஆரோ வாலில் பிடித்து இழுத்தது மாதிரி ஒரு கீச்சல். சந்தி வரைக்கும் கத்திக்கொண்டே போகும். இரண்டு கிழமையில் கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே ஒரு கடுதாசி. அப்பா அதை என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டுக்கு வருகிற இங்கிலீஸ் எல்லாம் என் வழியாகத்தான் உள்ளே வரும்.

"என்ன எழுதிக் கிடக்கு பிள்ளை?"

"காலமை அஞ்சரைக்குக் கத்துற காரை நிப்பாட்டச் சொல்லி எழுதிக் கிடக்கு. இல்லாட்டி ஒஃபீசில சொல்லுவினமாம்."

"ஆர் எழுதினது?"

"பேர் போடேல்லை."

"பேர் போடாதவன் நல்லவனில்லை" என்றார் அப்பா. அன்றிலிருந்து வரிசையில் இருந்த இருபது வீட்டையும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்.

ஆனால் சத்தத்துக்கு மருந்து அவரிடம் இருந்தது. ஊர்க் கிணற்றில் கப்பி கத்தினால் எண்ணெய் விட்டவர் அவர். "இதுவும் கப்பிதான். கயிறுக்குப் பதிலா பெல்ற், அவ்வளவுதான். காய்ஞ்சு போய்க் கத்துது" என்றார். மெக்கானிக்கிடம் போவதைக் கௌரவக் குறைவாக நினைத்தார். தேங்காயெண்ணெய் குளிரில் வெள்ளைக் கட்டியாக இருந்தது. அம்மா அதைச் சட்டியில் உருக்கி ஜாம் போத்தலில் ஊற்றித் தந்தா. என் கை சின்னது, எஞ்சினுக்குள் போகும். பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷை எண்ணெயில் தோய்த்துப் பெல்ற்றின் உட்பக்கம் முழுக்கப் பூசினேன். அடுத்த நாள் காலை கார் ஒரு சத்தமும் போடவில்லை. அப்பா என் தலையைத் தடவி, "என்ர பிள்ளை எஞ்சினியர்" என்றார். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வெள்ளி தோறும் அம்மா பொனற்றுக்கு மேலே கற்பூரம் காட்டுவா, நான் பொனற்றுக்குக் கீழே எண்ணெய் பூசுவேன்.

பெல்ற் கத்துவது காய்ந்து போய் அல்ல, வழுக்கி. தொய்ந்த பெல்ற் உருளையைப் பிடிக்க முடியாமல் வழுக்குகிறபோது வருகிற சத்தம் அது. எண்ணெய் பூசினால் சத்தம் போய்விடும், வழுக்கல் இரண்டு மடங்காகும். பெல்ற் சுற்றினால்தான் அல்ரநேற்றர் சுற்றும், அது சுற்றினால்தான் பற்றறியில் கரண்ட் ஏறும். இது இன்றைக்கு என் கராஜில் தரை கூட்டுகிறவனுக்கும் தெரியும். அன்றைக்கு எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாம் கிழமை ஒரு காலை கார் ஸ்ராட் வரவில்லை. திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரிலிருந்து வயரைக் கொழுவிக் கரண்ட் ஏற்றிவிட்டார். அப்பாவும் அங்கிளும் போய்ச் சேர ஏழு மணி. ஒன்று. அப்பா ஸ்கிராப் யார்ட்டில் வேறு பற்றறி வாங்கி மாற்றினார். பத்து நாளில் அதுவும் செத்தது. இரண்டு.

"பற்றறி மாத்தியாச்சு, பெல்ற்றும் கத்தேல்லை. அப்ப கரண்ட் எங்க போகுது?" என்று அப்பா சாப்பாட்டு மேசையில் கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். கீழே அங்கிள் நடக்கிற சத்தம் கேட்டது.

அம்மா நிலத்தைக் காட்டினா. "உவருக்குத்தானே திறப்பு எடுக்கிற பழக்கம்."

உண்மைதான். காலையில் காரைச் சூடாக்குவதும் கண்ணாடியில் ஐஸ் சுரண்டுவதும் அங்கிளின் வேலை. திறப்பு கதவடியில் ஆணியில் தொங்கும்.

"காலமை எடுக்கிறான், சரி. மற்ற நேரம்?"

"எனக்கெண்டால் முதலே மனதில பட்டது. ஊரைக் கேட்டா மன்னார் எண்டுறார். மன்னாரில எங்க எண்டு கேட்டா, கரையோரம் எண்டுறார். கரையோரம் எவ்வளவு நீளம்! கீழ மாதா படத்துக்கு ஒரு மின்னுற பல்ப் வேற, இரவு பகலா எரியுது."

"அது வீட்டுக் கரண்ட். இது கார்க் கரண்ட். ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்."

நீங்களும் அந்த மேசைகளில் இருந்திருப்பீர்கள். புதிதாக ஒருவர் வந்தால் முதலில் தேத்தண்ணி, பிறகு விசாரணை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வழியால் வந்தது, ஆரோடு வந்தது. எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. தொலைபேசி அடித்தால் அப்பா எடுத்து முதலில் ஒன்றும் பேசமாட்டார், மற்றப் பக்கத்து மூச்சைக் கேட்பார். ஒருவரும் எங்களை ஏமாற்றாத நாளில்கூட, நாளைக்கு ஏமாற்றப் போவது ஆர் என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா ஒரு பொறி வைத்தார். காரில் ஒரு கசற் றேடியோ இருந்தது. அதன் வட்டக் குமிழுக்கும் தகட்டுக்கும் நடுவில், பாதி இங்கே பாதி அங்கே இருக்கும்படி, அம்மாவின் சின்னக் கறுப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டினார். ஆராவது குமிழைத் திருப்பினால் பொட்டு கழன்றுவிடும். வெள்ளி பின்னேரம் ஒட்டியது. ஞாயிறு காலை பார்த்தோம். பொட்டு இருக்கையில் விழுந்து கிடந்தது.

"பார்த்தியே!" என்றார் அப்பா. பற்றறி சாவதைவிடப் பொட்டு விழுந்ததுதான் அவருக்குப் பெரிய வெற்றி போல இருந்தது. "பிள்ளை, இண்டைக்கு நீ மேல் யன்னலடியில இரு. நாங்கள் படுக்கிற மாதிரிப் படுக்கிறம்."

அங்கிள் கோயிலுக்குப் போய் வந்தார். சாப்பிட்டார். பகல் மூன்று மணிபோல் கதவு மெல்லத் திறந்து மூடியது. திறப்பும் கையுமாகப் பனிக்குள் நடந்துபோய்க் காருக்குள் ஏறினார். எஞ்சினை ஸ்ராட் பண்ணவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி எல்லாம் மூச்சால் வெளுத்துவிட்டது.

யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் நான் அங்கேயே இருக்கிற பிள்ளையா? ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டு இறங்கினேன். பின் சில்லடியில் குந்தியிருந்து காதைக் கதவோடு ஒட்டினேன். தகரம் காதைச் சுட்டது, அவ்வளவு குளிர். உள்ளே ஒரு பெண் குரல். சொற்கள் விளங்கவில்லை. மெதுவாக, நெருக்கமாக, பக்கத்தில் இருக்கிற ஒருவரோடு பேசுகிற குரல். ஒரு முறை சிரித்தது. அங்கிள் "ம்" என்றார். திரும்பவும் "ம்" என்றார்.

நான் ஓடினேன். அந்த ஓட்டம் எனக்கு இன்னும் கால்களில் ஞாபகம் இருக்கிறது. ஏதோ பரிசு வாங்கப் போகிறவள் போல ஓடினேன்.

"அப்பா, காருக்குள்ள ஒரு பொம்பிளை!"

அம்மா படுக்கையில் எழும்பி இருந்து, "சிவனே, பெண்பிள்ளை இருக்கிற வீட்டில" என்று தலையில் கைவைத்தா. அப்பா சாரத்தோடும் சப்பாத்தோடும் வெளியே போனார். நான் பின்னால் போனேன்.

கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே அங்கிள் மட்டும்தான். கண் சிவந்திருந்தது.

"எங்க அவள்?"

"ஆர் அண்ணை?"

"பொம்பிளை கதைச்சதடா. எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

அங்கிள் விளங்காமல் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "ஐயோ அண்ணை, அது என்ர மனிசி. கசற்றில கதைச்சு அனுப்பியிருக்கிறா. லண்டனால ஒராள் கொண்டு வந்து தந்தவர்."

"மேல கசற் செற் இருக்குத்தானே. அதில போட்டுக் கேட்டால் என்ன?"

அங்கிள் நிலத்தைப் பார்த்தார். "அவ எனக்கு மட்டும் கதைச்சது, அண்ணை."

"சரி. போடு பாப்பம்."

அங்கிள் கசற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றிக் குமிழைத் திருப்பினார். அந்த இடத்தில்தான் பற்றறி தன் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. றேடியோவின் சின்ன வெளிச்சம் பழுப்பாகியது. குரல் வந்தது. ஆனால் அது பெண் குரல் இல்லை. இழுபட்டு, தடித்து, கிணற்றுக்குள் இருந்து ஒரு ஆம்பிளை உறுமுகிற மாதிரி, "சா...ப்...பி..." என்று வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அங்கிள் கசற்றை வெளியே எடுக்கப் பார்த்தார். நாடா உள்ளே சிக்கிவிட்டது, வரவில்லை.

அப்பாவின் முகம் மாறியதைக் கண்டேன். கோபம் போய்ப் பயம் வந்தது. "உது ஆம்பிளைக் குரல்."

"இல்லை அண்ணை, பற்றறி இறங்கினதால..."

"எனக்குக் காது கேக்கும். உது ஆற்ற கசற்? ஆர் குடுத்தது, இயக்கமோ? என்ன கதைக்கிறாங்கள் உதில? என்ர கேஸ் இன்னும் முடியேல்லை தெரியுமே? என்ர காருக்க உது பிடிபட்டால் என்ர குடும்பத்தை ஆர் பாக்கிறது, நீயோ?"

"மாதாவாணை அது என்ர மனிசி. கரண்ட் ஏத்தினாப் பிறகு போட்டுக் காட்டுறன். ஒரு பத்து நிமிசம் பொறுங்கோ, அண்ணை."

"ஒண்டும் காட்ட வேண்டாம். நீ வேற இடம் பார். என்ர காரிலயும் இனி ஏறாத."

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது, சும்மாதான் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம், "அப்பா, நான் கேட்டது பொம்பிளைக் குரல்தான், அவர் சொல்லுறது சரி" என்று. எனக்குக் குரல் இழுபட்டது விளங்கியது. சின்ன வயதிலேயே அந்தக் காது இருந்தது என்று பெருமை பேசுகிறவள் நான். அப்படி என்றால் அன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அங்கிள் அன்று பின்னேரமே ஒரு சூட்கேசோடும் மாதா படத்தோடும் வெளியே போனார். மில்லிக்கனில் ஒரு நண்பர் இருந்தார். போகும்போது அம்மாவிடம், "அக்கா, பல்ப்பைக் கழட்டி வைச்சிட்டன்" என்றார். சுவரோடு சப்பாத்து இருந்த இடத்தில் உப்புக்கறை இரண்டு, சோடியாகக் கிடந்தது.

திங்கட்கிழமை அப்பா வயரைக் கொழுவிக் காரை ஸ்ராட் பண்ணி நேரத்துக்குப் போய்விட்டார். அங்கிள் மூன்று பஸ் மாறி, மிச்சத் தூரம் நெடுஞ்சாலை ஓரமாக நடந்து, எட்டரைக்கு வந்தாராம். மூன்று. கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னார். அம்மா, "பாவம்" என்றா. கொஞ்சம் பொறுத்து, "என்ன செய்யிறது, எங்களுக்கும் பிள்ளை இருக்கு" என்றா.

அங்கிள் போய் ஆறாம் நாள், சனிக்கிழமை, கார் திரும்பவும் செத்தது.

அப்பா திறப்புக் கோர்வையைக் கையில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அப்படியே இருந்தார். திருடன் போன பிறகும் களவு போனால் வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு, கரண்ட் ஏற்றி, சந்தியில் இருந்த ஜமேக்கா மெக்கானிக்கிடம் போனார். கிழவர். தலையில் பின்னல் தொப்பி, கைவிரல்களில் கழுவினாலும் போகாத கறுப்பு. பொனற்றைத் திறந்தார். ஒரு கருவியும் எடுக்கவில்லை. பெல்ற்றில் விரலை வைத்து அழுத்தினார். விரலை மூக்கடியில் பிடித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"உங்கட எஞ்சினுக்குள்ள ஆர் மீன் பொரிச்சது எண்டு கேக்கிறார்."

கிழவர் சிரிப்பை நிறுத்தி எனக்கு விளங்கப்படுத்தினார். பெல்ற் வழுக்குகிறது, எண்ணெய் அதைக் கூட்டிவிட்டது, பற்றறியில் பிழை இல்லை, ஏறவே இல்லாத கரண்ட்டை ஆரும் எடுத்திருக்கவும் முடியாது. நான் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். "பெல்ற் பழசாப் போச்சாம், அப்பா." எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை. பூசியது என் கை. ஆனால் கிழவர் அந்த விரலை அப்பாவின் மூக்கடியில் கொண்டுபோய்ப் பிடித்தார். தேங்காயெண்ணெய் மணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

புதுப் பெல்ற் போட அரை மணி நேரம். கிழவர் றேடியோவுக்குள் கத்தரிக்கோல் நுனியை விட்டு நாடாவையும் சரிப்படுத்தித் தந்தார். அப்பா ஸ்ராட் பண்ணினார். கார் கத்தவில்லை. வெளிச்சங்கள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. றேடியோவும் தானாகவே தொடங்கியது.

"சாப்பிட்டியளே?"

பெண் குரல். நான் கதவடியில் கேட்ட அதே குரல். அப்பாவின் கை கியரில் அப்படியே நின்றது.

"இஞ்ச ஆமி பற்றறி ஒண்டும் உள்ள விடுறாங்கள் இல்லை. மகன் சைக்கிளை நிப்பாட்டி வைச்சு மிதிக்கிறான், டைனமோவில இருந்துதான் இதைப் பதியிறம். அவன் களைச்சால் என்ர குரல் மாறும், பயப்படாதேங்கோ, எனக்கு ஒண்டுமில்லை. டேய், மெல்ல மிதியடா... அவனுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திட்டுது. காட்டச் சொல்லி நிக்கிறான், இதில எப்படிக் காட்டுறது?" சிரிப்பு. "வெறும் கசற் இஞ்ச எடுக்க ஏலாது. மற்றப் பக்கத்தில நீங்கள் கதைச்சு இதையே திருப்பி அனுப்பிவிடுங்கோ. பாத்துக்கொண்டு இருப்பம்."

அப்பா குமிழை அமத்தினார். கராஜ் வாசலில் எஞ்சின் ஓடியபடி நின்றோம்.

"குடுத்துவிடுவம் அப்பா."

"ஓம். குடுக்கத்தான் வேணும்." கசற்றை எடுத்து முன் இருக்கைக்கு எதிரே இருந்த சின்னப் பெட்டி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "அம்மாவுக்குச் சொல்லாத."

ஒரு நாள் கொண்டும் போனார். ஸ்ரீல்ஸ் தெருவோரம் ஒரு பிளாசா, அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் அங்கிள் கோப்பை கழுவுவதாகக் கேள்விப்பட்டிருந்தார். நானும் போனேன். அங்கிள் குப்பைப் பையோடு பின்கதவால் வெளியே வந்தார். குளிருக்கு ஜக்கெற்கூட இல்லை, ஏப்ரனோடு நின்று கையை ஊதினார். நாங்கள் இருபது அடி தள்ளி நின்றோம். எங்கள் கார் ஒரு சத்தமும் போடவில்லை. கத்தியிருந்தால் அவர் திரும்பிப் பார்த்திருப்பார். அவர் உள்ளே போனார். அப்பா காரைத் திருப்பினார்.

"இப்ப என்னெண்டு போய் முகத்தைக் காட்டுறது" என்றார், என்னிடம் அல்ல.

எனக்குப் பதினாறு வயதில் அந்தக் கார் ஸ்கிராப்புக்குப் போனது. இழுத்துக்கொண்டு போகிற வண்டி வருவதற்கு முன் லாச்சியைக் கம்பியால் கெண்டித் திறந்தேன். காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று, ஒட்டுப்பொட்டு அட்டை ஒன்று, கசற். மூன்றையும் எடுத்தேன். அந்த ஆண்டே படிப்பை விட்டு ஜமேக்காக் கிழவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மிச்சக் கதை, எப்படி முன்னுக்கு வந்தேன் என்ற கதை, உங்களுக்குத் தெரியும். நான் சொல்லாத கலியாணவீடு இல்லை.

அப்பா போன கிழமை செத்தார்.

சாவீட்டு மண்டபத்தில் வரிசையாக ஆட்கள் வந்து கைபிடித்துவிட்டுப் போனார்கள். நான் குனிந்தபடி நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குரல், "பிள்ளை, சாப்பிட்டனியே?"

நான் அவவை ஒருநாளும் கண்டதில்லை. நரைத்த கொண்டை, தடித்த கண்ணாடி. முப்பது வருசத்துக்கு மேல். ஆனால் ஒரு சொல் போதுமாக இருந்தது. பக்கத்தில் மெலிந்த ஒரு கிழவர், வாசலில் சப்பாத்தைக் கழற்றிச் சோடி சேர்த்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

"அப்பா நல்ல மனிசன்" என்றார் மன்னார் அங்கிள். "இஞ்ச எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தது அவர்தான். பிறகு ஏதோ ஒரு சின்னக் கோபம். நீ அப்ப சின்னப்பிள்ளை, உனக்கு ஞாபகம் இராது."

"ஞாபகம் இல்லை அங்கிள்" என்றேன். அப்பாவின் பெட்டி ஆறடி தூரத்தில் இருந்தது.

அன்ரி சிரித்தா. "இவர் என்னைக் கூப்பிட ஏழு வருசம் எடுத்தவர் பிள்ளை. அதுக்குள்ள ஒரு கசற் கதைச்சு அனுப்பினனான். பதிலே இல்லை. ஆள் செத்துப் போச்சுது எண்டு நேர்த்தி எல்லாம் வைச்சன். வந்து கேட்டா, துலைஞ்சு போச்சுதாம்! ஒரு கசற்றை வைச்சிருக்கத் தெரியாத மனிசன்."

"உது பழைய கதை, விடும்" என்றார் அங்கிள். என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருசம் அந்தப் பழியைத் தானே சுமந்திருக்கிறார். மனைவிக்குக்கூட அப்பாவைக் காட்டிக் கொடுக்கவில்லை.

கார் தரிப்பிடம் வரைக்கும் கூடப் போனேன். அங்கிள் ஸ்ராட் பண்ணினார். கீச்சென்று கத்தியது.

"கன நாளாக் கத்துது" என்றார் வெட்கத்தோடு.

"வியாழக்கிழமை பத்து மணிக்குக் கொண்டு வாங்கோ அங்கிள். அன்ரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நாளைக்கு வியாழன். கராஜில் இருக்கிற பொடியங்களுக்குக் கசற் என்றால் என்ன என்று தெரியாது, அதனால் பழைய செற் ஒன்றைத் தேடி வாங்கித் துடைத்து, என் மேசையில் வைத்திருக்கிறேன். ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அன்ரி பேசுகிற பக்கம் நன்றாக இருக்கிறது, மகன் களைக்கிற இடத்தில் குரல் கொஞ்சம் ஏறுகிறது. மற்றப் பக்கம் வெறுமை.

முதலில் பெல்ற்றை மாற்றிக் கொடுப்பேன். பிறகு இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தி, அன்றைக்குக் கதவடியில் குந்தியிருந்தது ஆர் என்று சொல்லுவேன். எழுதி வைத்துவிட்டேன், இனி நான் பின்வாங்க முடியாது. நீங்கள் எல்லாரும் சாட்சி.